அணை உடையவில்லை, ஆனாலும் வீடுகள் மூழ்கின: ஹூஸ்டனின் ஆடிக்ஸ், பார்க்கர் அணைகள்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலிருந்து மேற்கே கேட்டி பக்கம் ஐ-10 நெடுஞ்சாலையில் போனால், சாலையின் இரு பக்கமும் புல் மூடிய நீண்ட மண்மேடு ஒன்று கண்ணில் படும். அதன் மேல் காலையில் ஆட்கள் ஓடுவார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள். மேட்டுக்குப் பின்னால் மரங்கள், பூங்கா, விளையாட்டுத் திடல்கள். தண்ணீர் மட்டும் இருக்காது. வடக்கே இருப்பது ஆடிக்ஸ் அணை, தெற்கே இருப்பது பார்க்கர் அணை. ஒவ்வொன்றும் 11 மைலுக்கு மேல் நீளம். அந்த மேட்டுக்குப் பின்னால் வீடு வாங்கிய பலருக்கு, தாங்கள் குடியிருப்பது ஒரு நீர்த்தேக்கத்துக்குள் என்பதே 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோதுதான் தெரிந்தது.

நமக்கு அணை என்றால் தேங்கிய தண்ணீர். நிறைந்தால் மகிழ்ச்சி, வறண்டால் கவலை. வெள்ளத் தடுப்பு அணையில் இது தலைகீழ். பாசனம், குடிநீர், மின்சாரம் எதற்கும் இது கட்டப்படவில்லை. பெருமழை பெய்யும்போது மதகுகளை மூடித் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், மழை ஓய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட வேண்டும், அடுத்த மழைக்குள் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்த வகை அணையின் ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எப்போதும் தண்ணீர் நிற்கும் அணையில் கசிவு வந்தால் சாதாரண நாளிலேயே கண்ணில் படும், சரி செய்யலாம். வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மண் அணைக்கு உண்மையான சோதனை பெருவெள்ளத்தன்றுதான். அன்றைக்கு ஒரு குறை தெரிந்தால், அதைச் சரி செய்ய நேரமும் இருக்காது, தண்ணீரை வேறெங்காவது அனுப்ப வழியும் இருக்காது.

இந்த அணைகள் வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். ஹூஸ்டன் நகர மையத்தின் ஊடே ஓடும் சிற்றாறு பஃபலோ பயூ. 1929-லும் 1935-லும் அது பெருக்கெடுத்து நகர மையத்தையே மூழ்கடித்தது. 1937-ல் டெக்சஸ் சட்டமன்றம் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கென (கவுண்டி என்பது நம் மாவட்டம்போல) ஒரு வெள்ளத் தடுப்பு அமைப்பை உருவாக்கியது. 1938-ல் மத்திய அரசு திட்டத்துக்கு அனுமதி தந்தது. கட்டியது ராணுவப் பொறியாளர் படை. பார்க்கர் 1945-லும், ஆடிக்ஸ் 1948-லும் முடிந்தன.

முதலில் போட்ட திட்டம் இதைவிடப் பெரியது. நகரைச் சுற்றி உபரி நீரைக் கடலோரம் கொண்டுபோகும் கால்வாய்கள், இன்னொரு நீர்த்தேக்கம், வடக்கே சைப்ரஸ் கிரீக் ஓடையோரம் ஒரு கரை எல்லாம் அதில் இருந்தன. அவை எதுவும் வரவில்லை. சைப்ரஸ் கிரீக் கரை வராமல் போனதை நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். அந்தப் பகுதி தட்டையான களிமண் சமவெளி. பெருமழையில் சைப்ரஸ் கிரீக் தன் எல்லையைத் தாண்டித் தெற்கே வழிந்து, நேராக ஆடிக்ஸுக்குள் வந்து சேர்கிறது. அதாவது, தன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே பெய்த மழையையும் இந்த அணை சுமக்கிறது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஒவ்வொரு அணையிலும் ஐந்து வெளியேற்றுக் குழாய்கள். தொடக்கத்தில் அவற்றில் நான்குக்கு ஷட்டரே கிடையாது. தண்ணீர் வரவர அது பாட்டுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் கீழே பஃபலோ பயூவின் கரையோரம் வீடுகள் நெருங்கி வந்தன. அந்த வீடுகளைக் காப்பாற்ற எல்லாக் குழாய்களுக்கும் படிப்படியாக ஷட்டர் போட்டார்கள். 1963-ல் அந்த வேலை முடிந்தது. அதன் பிறகு சாதாரணக் காலத்தில் இரண்டு அணைகளும் சேர்ந்து வினாடிக்குச் சுமார் 2,000 கன அடிக்கு மேல் வெளியேற்றக் கூடாது என்பதே நடைமுறையானது. கீழே இருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் அதே தண்ணீர் இப்போது அணைக்குப் பின்னால் அதிக உயரத்துக்கு, அதிக நாள் நிற்கிறது. கரை தாங்கும் சுமையும் கூடுகிறது, பின்னால் இருக்கும் நிலமும் அதிக நேரம் மூழ்குகிறது. ஷட்டர் போட்டதால் ஆபத்து குறையவில்லை, இடம் மாறியது.

சரி, பின்னால் இருக்கும் நிலம் யாருடையது? இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான்.

ஆடிக்ஸ் அணையின் வடகோடியில் இயற்கைத் தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 108 அடி. தண்ணீர் அந்த உயரம் வரை தேங்கலாம்; அதைத் தாண்டினால் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடும். ஆனால் அரசு வாங்கிய நிலம் சுமார் 103 அடி மட்டம் வரைதான். பார்க்கரில் அணை பிடிக்கக்கூடியது 104 அடி வரை. அரசு நிலம் சுமார் 95 அடி வரை. ஐந்து அடி, ஒன்பது அடி என்றால் சின்ன வித்தியாசம்போலத் தோன்றும். தட்டையான நிலத்தில் அது பல சதுர மைல். இரண்டு அணைகளும் நிறைந்தால் சுமார் 4,10,000 ஏக்கர் அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 18 டி.எம்.சி. அரசு நிலத்துக்குள் அடங்குவது சுமார் 9 டி.எம்.சி.தான். மீதிப் பாதிக்கு அடுத்தவர் நிலம்.

1940-களில் அங்கே நெல் வயலும் மாட்டுப் பண்ணையும்தான் இருந்தன. வயல் நூறாண்டில் ஒருமுறை சில வாரம் மூழ்கினால் என்ன என்று அன்றைக்கு நினைத்திருக்கலாம். அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. புரியாதது அதற்குப் பிந்தைய காலம். ஹூஸ்டன் மேற்கே வளர்ந்தது. வயல் இருந்த இடத்தில் குடியிருப்புகள் வந்தன. நல்ல பள்ளிக்கூடம், அமைதியான தெரு, பக்கத்திலேயே பெரிய பூங்கா. நம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கேட்டி, சின்கோ ராஞ்ச் பக்கம் வீடு வாங்கியதற்கு இவையெல்லாம் காரணம். அந்தப் பூங்காவே நீர்த்தேக்கத்தின் அடிப்பகுதி என்பதை விற்பவர் சொல்லவில்லை. வாங்குபவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

இதற்கு நடுவே அணையின் உடம்புக்குள்ளேயே ஒரு பிரச்சினை இருந்தது.

மண் அணையில் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். கசிவைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது தண்ணீரின் நிறம். தெளிவாக வந்தால் கண்காணிப்பார்கள். கலங்கி வந்தால் உள்ளே இருக்கும் மண்ணையும் சேர்த்து அது இழுத்து வருகிறது என்று அர்த்தம். மண் போன இடத்தில் சிறு துளை விழும், துளை பெரிதாகும், அதிகத் தண்ணீர் பாயும், துளை இன்னும் பெரிதாகும். வயல் வரப்பில் நண்டு வளை போட்ட இடத்தில் தண்ணீர் புகுந்து, விடிவதற்குள் வரப்பையே கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1976 ஜூன் 5 அன்று ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணையில் காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணையே போய்விட்டது. முதன்முறையாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த புதிய அணை அது. 11 பேர் இறந்தார்கள்.

இப்படி உள்ளரிப்பு ஏற்பட அதிக வாய்ப்புள்ள இடம், மண் கரைக்குள் கான்கிரீட் குழாய் போகும் இடம். மண்ணும் கான்கிரீட்டும் ஒன்றாக அமிழ்வதில்லை. இரண்டுக்கும் நடுவே இடுக்கு விழும். தண்ணீர் அந்த இடுக்கைத் தேடிப் போகும். ஆடிக்ஸ், பார்க்கர் இரண்டிலும் கசிவு கவலையாகி, 1970-களின் பிற்பகுதியிலிருந்து கரைக்குள் பென்டோனைட் களிமண் கலந்த தடுப்புச் சுவர் இறக்கினார்கள். பின்னர் அணையின் கோடிகளில், தண்ணீர் வழிந்தால் மண் அரிக்காதபடி கான்கிரீட் போர்த்தினார்கள். அப்படியும் வெளியேற்றுக் குழாய்களை ஒட்டி வெற்றிடங்கள் இருப்பது தெரியவந்தது.

2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்த பிறகு, பொறியாளர் படை தன் அணைகளையெல்லாம் ஒரே அளவுகோலில் மறு ஆய்வு செய்தது. இதில் கேட்பது இரண்டு கேள்விகள்: உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள்? இரண்டையும் சேர்த்துத்தான் அபாயத்தை மதிப்பிடுகிறார்கள். காட்டுக்குள் இருக்கும் பழுதான அணையைவிட, லேசான குறையோடு ஒரு மாநகரத்தின் தலைமாட்டில் இருக்கும் அணை அதிக அபாயமானதாகக் கணக்கில் வரும். 2009-ல் ஆடிக்ஸும் பார்க்கரும் மிக உயர்ந்த அபாய வகுப்பில் வைக்கப்பட்டன. நாளைக்கே உடையப்போகிறது என்று இதற்குப் பொருளல்ல. உடனே பணம் ஒதுக்கி வேலையைத் தொடங்க வேண்டும் என்று பொருள். காரணங்களும் தெளிவாகச் சொல்லப்பட்டன: குழாய்களை ஒட்டிய கசிவு, அணையின் கோடிகளில் தண்ணீர் சுற்றி ஓடினால் வரக்கூடிய அரிப்பு, கீழே ஹூஸ்டனின் மக்கள் தொகை.

நிரந்தரத் தீர்வு வரும்வரை இடைக்கால ஏற்பாடுகள். வெற்றிடங்களில் சிமெண்டுக் குழம்பு செலுத்தி அடைத்தார்கள். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டால் கரையில் இரவு பகலாக ரோந்து என்று விதி வந்தது. நீர்மட்டத்தைக் கூடிய மட்டும் தாழ்வாக வைத்திருக்க, மழை ஓய்ந்ததும் வேகமாகக் காலி செய்ய வேண்டும் என்று திட்டமிட்டார்கள். இங்கே பழைய முடிச்சு மறுபடி இறுகுகிறது: வேகமாகக் காலி செய்ய வேண்டுமென்றால் பஃபலோ பயூவில் அதிகம் விட வேண்டும்; அங்கேயோ கரையோரம் வரை வீடுகள். புதிய வெளியேற்று அமைப்புகளுக்குச் சுமார் 75 மில்லியன் டாலர் ஒதுக்கி வேலை தொடங்கியது. ஹார்வி வந்தபோது அந்த வேலை பாதியில்தான் இருந்தது. பழைய குழாய்களை வைத்துத்தான் அந்த வெள்ளத்தைச் சமாளித்தார்கள்.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. 2016 ஏப்ரல் மழையில் ஆடிக்ஸ் 102.65 அடியையும் பார்க்கர் 95.22 அடியையும் தொட்டன. இரண்டும் அதுவரை காணாத உச்சம். அரசு நிலத்தின் எல்லைக்கோட்டில் தண்ணீர் வந்து நின்றது. அடுத்த பதினாறு மாதத்தில் ஹார்வி.

2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கரையைக் கடந்த ஹார்வி, நகராமல் அந்தப் பகுதியிலேயே சுற்றிச் சுற்றிப் பெய்தது. அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நாலைந்து நாளில் முப்பது அங்குலத்துக்கு மேல் மழை. நீர்மட்டம் ஒரு கட்டத்தில் மணிக்கு அரை அடிக்கும் மேலாக ஏறியது. 27-ம் தேதி இரவு முடிந்து 28 பிறந்த வேளையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஷட்டர்களைத் திறந்தார்கள். அடுத்த சில நாளில் வெளியேற்றம் வினாடிக்குச் சுமார் 13,000 கன அடி வரை போனது. கீழே பஃபலோ பயூவின் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்து, நாள்கணக்கில் வடியாமல் நின்றது. மேலேயும் மூழ்கல் நிற்கவில்லை. ஆடிக்ஸ் 109.1 அடியையும் பார்க்கர் 101.6 அடியையும் தொட்டன. ஆடிக்ஸின் வடகோடியில் கரையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஓடியது. அணையின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

மழை பெய்யும்போதே ஏன் திறந்தார்கள் என்று இன்றும் பலர் கோபமாகக் கேட்கிறார்கள். கோபம் நியாயம். ஆனால் அந்த நேரத்தில் இருந்த தேர்வு, வெள்ளம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. திறக்காவிட்டால் மட்டம் இன்னும் ஏறி, கோடிகளில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அதிகத் தண்ணீர் வேறு குடியிருப்புகளுக்குள் பாயும். கசிவுச் சந்தேகம் உள்ள கரை இன்னும் அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். கரை உடைந்தால் நகர மையம் வரை போகும். நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், கீழே வெள்ளமாக இருந்தாலும் திறந்தே ஆக வேண்டும் என்று 2012-ன் இயக்கக் கையேட்டிலேயே விதி இருந்தது. ஷட்டரைத் திறந்தவர்கள் அந்த விதிப்படிதான் நடந்தார்கள். அன்றைய இரவின் முடிவில் நான் தவறு காணவில்லை. அந்த இரவு அப்படி ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டிய நிலைக்கு எழுபது ஆண்டுகளாகக் கொண்டுவந்து விட்டதில்தான் தவறு இருக்கிறது.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. பார்க்கரின் பின்பகுதி இருக்கும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், 1990-களிலிருந்து மனைப் பிரிவு வரைபடங்களில் ஒரு குறிப்பு இருக்கிறது: இந்த மனைப் பிரிவு பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, பொறியாளர் படையின் நிர்வாகத்தில் நீண்ட நேரம் நீர் தேங்க வாய்ப்புள்ளது என்ற கருத்தில். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் அதை வீடு வாங்குபவர் யார் பார்க்கப் போகிறார்? ஹாரிஸ் கவுண்டியில் அந்தக் குறிப்புகூட இல்லை. 1996-ல் கவுண்டியின் வெள்ளத் தடுப்புப் பொறியாளர்கள் இந்த நீர்த்தேக்கங்கள் இனிப் போதாது என்று எழுதி, நெடுஞ்சாலையோரம் பெரிய வடிகால் குழாய் அமைக்கச் சுமார் 400 மில்லியன் டாலர் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார்கள். அது கோப்பிலேயே தங்கிவிட்டது. இவ்வளவு பெருமழை கற்பனைக்கு எட்டாததும் அல்ல; 1979-லேயே ஹூஸ்டனுக்குத் தெற்கே ஆல்வின் என்ற ஊரில் ஒரே நாளில் 42 அங்குலம் பெய்திருக்கிறது.

வழக்குகள் வந்தன. அணைக்கு மேலே வீடு இழந்தவர்களின் வழக்கில் 2019 டிசம்பரில் மத்திய உரிமைகோரல் நீதிமன்றம், தனியார் நிலத்தை அரசு தன் தண்ணீரைத் தேக்கப் பயன்படுத்தியிருக்கிறது, ஆகவே அதற்கு ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் இதற்கு அடிப்படை. அணைக்குக் கீழே இருப்பவர்களின் வழக்கை அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி 2020-ல் தள்ளுபடி செய்தார். 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. பொறியியல் பேச்சில் வராத ஒன்றை இந்த வழக்குகள் வெளியே கொண்டுவந்தன: பாதுகாப்புக் கணக்கில் ஊரைக் காப்பாற்ற ஒரு பகுதியை மூழ்க விடுவது என்று முடிவெடுத்தால், அதற்கான விலையை மூழ்குபவர் மட்டும் கொடுக்கக் கூடாது.

இன்றைய நிலை என்ன? புதிய வெளியேற்று அமைப்புகள் 2020-ல் முடிந்தன. பழைய குழாய்களை அடைத்துவிட்டார்கள். அணைச் சுவரைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம். உள்ளரிப்பு பயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 103-க்கும் 108-க்கும், 95-க்கும் 104-க்கும் நடுவே உள்ள நிலம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் வீடுகளும் அப்படியே இருக்கின்றன. 2020-ல் பொறியாளர் படை வெளியிட்ட இடைக்கால ஆய்வறிக்கை, சைப்ரஸ் கிரீக் பக்கம் மூன்றாவது நீர்த்தேக்கம், பஃபலோ பயூவை ஆழப்படுத்தி அகலப்படுத்துவது ஆகிய யோசனைகளைப் பேசியது. புல்வெளியும் ஆற்றோரக் காடும் அழியும் என்று இரண்டுக்கும் பலத்த எதிர்ப்பு. மூழ்கும் எல்லைக்குள் உள்ள வீடுகளை அரசே விலைக்கு வாங்குவது செலவு மிகுந்தது என்று ஒதுக்கப்படுகிறது. நான் அதைத்தான் முதலில் பேசவேண்டும் என்பேன். எல்லா வீட்டையும் ஒரே ஆண்டில் வாங்க வேண்டியதில்லை. தாழ்வான தெருக்களில் தொடங்கி, விற்க விரும்புபவர்களிடம் இருபது முப்பது ஆண்டில் வாங்கிக்கொண்டே போகலாம்.

ஒரு விஷயம் மட்டும் உருப்படியாக நடந்தது. 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் வீடு விற்பவர், அந்த வீடு நீர்த்தேக்கத்தின் வெள்ள எல்லைக்குள் இருக்கிறதா, அணையிலிருந்து திறந்த தண்ணீரால் முன்பு மூழ்கியிருக்கிறதா என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். பொடி எழுத்துக் குறிப்பிலிருந்து இது வெகுதூரம். ஆனால் இந்த வெள்ள எல்லை வேறு, காப்பீட்டுக்கு அரசு வரையும் நூறாண்டு வெள்ள மண்டலம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் 2017-ல் பல குடும்பங்கள் வெள்ளக் காப்பீடு இல்லாமல் மாட்டிக்கொண்டன. வெள்ள மண்டலத்துக்கு வெளியே இருக்கும் வீடு என்றதும், கடன் தந்த வங்கி காப்பீட்டைக் கட்டாயப்படுத்தவில்லை; அவர்களும் எடுக்கவில்லை.

அதனால் அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள், பள்ளிக்கூட மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு வீட்டின் தரைமட்டச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் உயரத்தை ஹார்வி வெள்ளம் தொட்ட மட்டத்துடன், அதாவது ஆடிக்ஸ் பக்கமானால் 109.1-உடனும், பார்க்கர் பக்கமானால் 101.6-உடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால், அல்லது அதை ஒட்டி இருந்தால், வங்கி கேட்டாலும் கேட்காவிட்டாலும் வெள்ளக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும்கூடத் தனியாக எடுக்கலாம். அரசுத் திட்டத்தின் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயலின் பெயர் செய்தியில் அடிபடத் தொடங்கிய பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது உதவாது.